வீட்டில் கார் பந்தய சிமுலேட்டர்: காசு எங்கே போக வேண்டும்?

கோவை ரங்கே கவுடர் வீதியில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் ஒரு கொட்டேஷன் தாளோடு சங்க அலுவலகத்துக்கு வந்தார். தொகை ஒரு லட்சத்து எண்பதாயிரத்துச் சொச்சம். பேக்கிங் மெஷினாக இருக்கும் என்று நினைத்து வாங்கிப் பார்த்தோம். மூன்று மானிட்டர், ஒரு ஸ்டியரிங், பெடல், மடக்கும் சீட், ஒரு கம்ப்யூட்டர் என்று வரிசையாக அச்சடித்திருந்தது.

"பையன் கேக்கறானுங்க. கார் பந்தயத்துக்கு வீட்டுலயே பழகறதுக்காம். இது பொம்மைங்களா, இல்ல முதலீடுங்களா? அதை மட்டும் சொல்லிப் போடுங்க" என்றார்.

பையனுக்கு வயது 16. இரண்டு வருஷமாக வாடகை கோ-கார்ட் ஓட்டியிருக்கிறான். அடுத்த சீசனில் ஆரம்ப நிலை ஃபார்முலா காரில் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இறங்க வேண்டும் என்பது ஆசை. தகப்பனார் அதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருக்கிறார். எஃப்.எம்.எஸ்.சி.ஐ. லைசென்ஸ், நுழைவுக் கட்டணம், டயர், காரின் வாடகை எல்லாம் அந்த ஒரே பையிலிருந்துதான் போக வேண்டும். கொட்டேஷனில் கண்டபடி வாங்கினால் பையில் பாதிக்கு மேல் காலி. பையன் வீட்டில் நன்றாக ஓட்டுவான், தடத்தில் இறங்கக் காசு இருக்காது.

எங்களுக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் இதே கேள்வியை வேறு மூன்று உறுப்பினர்களும் கேட்டுவிட்டார்கள். பிள்ளைகள் கேட்கிற பொருளின் தரம் தெரியாமல் பணத்தை மட்டும் எண்ணிக் கொடுப்பது வியாபாரிக்கு அழகல்ல. ஆகவே நாலு பேரிடம் விசாரித்தோம், இரண்டு மூன்று இடங்களில் உட்கார்ந்து ஓட்டியும் பார்த்தோம். முதல் திருப்பத்திலேயே சுவரில் மோதினோம் என்பதையும் மறைக்கவில்லை.

பொம்மைதானா?

இல்லை. லூக்காஸ் ஒர்டோன்யெஸ் என்ற ஸ்பெயின் நாட்டு மாணவர் 2008-ல் சோனியும் நிஸானும் சேர்ந்து நடத்திய ஜி.டி. அகாடமி என்ற போட்டியில், 'கிரான் டூரிஸ்மோ' விளையாட்டை வீட்டில் ஓட்டித் தேர்வாகி ஜெயித்தார். 2011-ல் பிரான்ஸின் லீ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி எல்.எம்.பி.2 பிரிவில் இரண்டாவதாக வந்தது. அதே 2011-ல் ஜி.டி. அகாடமியை ஜெயித்த இங்கிலாந்துக்காரர் ஜான் மார்டன்பரோ 2013-ல் லீ மானில் அதே பிரிவில் மூன்றாவது. இவர் கதைதான் 2023-ல் சினிமாவாகவும் வந்தது. அமெரிக்காவின் வில்லியம் பைரன் வீட்டுக் கம்ப்யூட்டரில் 'ஐரேசிங்' ஓட்டிப் பழகிய பிறகே நிஜக் காருக்குப் போனவர். டேடோனா 500 என்ற அந்நாட்டின் பெரிய பந்தயத்தை 2024, 2025 என இரண்டு வருஷமும் அவரே ஜெயித்தார். ஃபார்முலா ஒன் சாம்பியன் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் ஓய்வு நேரத்தில் வீட்டு சிமுலேட்டரில் போட்டி போடுவது ஊரறிந்த விஷயம்.

ஆனால் இந்தப் பட்டியலை ஒரு வியாபாரி வாசிக்கிற விதமே வேறு. ஜெயித்த சீட்டு மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. ஜி.டி. அகாடமியில் தேர்வானவர்களை உடனே நிஜக் காரில் உட்கார வைத்து, பயிற்சி கொடுத்து, செலவை நிறுவனமே ஏற்றது. அந்தப் போட்டி 2016-க்குப் பிறகு நடக்கவும் இல்லை. நம் ஊரின் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனதும், சென்னையின் கருண் சந்தோக் 2010-ல் போனதும் தடத்தில் டயர் தேய்த்துத்தான். சிமுலேட்டர் தடத்துக்குப் போவதற்கான வழிச்செலவைக் குறைக்கும். தடத்தை இல்லாமல் செய்யாது.

கற்றுக்கொடுப்பவை இவை: தடத்தின் வளைவுகளை மனப்பாடம் செய்வது, எந்த இடத்தில் பிரேக் மிதிப்பது, எந்தக் கோட்டில் திரும்புவது, பக்கத்தில் இன்னொரு கார் வரும்போது இடம் விடுவது. இதற்கெல்லாம் தடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் பெட்ரோலும் டயரும் செலவு. வீட்டில் கரண்ட் பில் மட்டும்.

கற்றுக்கொடுக்காதவையும் உண்டு. வளைவில் கழுத்தை இழுக்கிற விசை, ஹெல்மெட்டுக்குள் வியர்வை, முதுகில் தெரிகிற வழுக்கல், பயம். மார்டன்பரோ ஓட்டிய கார் 2015-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் காற்றில் எழும்பி வேலியைத் தாண்டியதில் பார்வையாளர் ஒருவர் இறந்தார். வீட்டில் ஒரு பட்டனைத் தட்டினால் கார் மறுபடி புதிதாக நிற்கும். இந்த வித்தியாசத்தைப் பிள்ளையிடம் உட்கார வைத்துப் பேச வேண்டியது தகப்பனார் பொறுப்பு.

தராசும் பிரேக்கும்

இனி விஷயத்துக்கு வருவோம். கொட்டேஷனில் மூன்று மானிட்டருக்கு எழுதியிருந்த தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூடப் பெடலுக்கு இல்லை. ஸ்டியரிங்கோடு இலவசமாக வருகிற பெடல்தான் அது. இங்கேதான் தவறு இருந்தது. அதை நமக்குப் புரிய வைத்தவர் கார் விற்பவரோ கம்ப்யூட்டர் கடைக்காரரோ இல்லை, தராசு ரிப்பேர் செய்பவர்.

பையனுடைய நண்பன் ஒருவனிடம் இரண்டு விதப் பெடல் இருந்தது. இரண்டையும் இரவல் வாங்கி வந்து, கடைக்குப் பின்னாலுள்ள குடோனில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடை எலக்ட்ரானிக் தராசைச் சரிபார்க்க வந்தவர் எட்டிப் பார்த்தார். விலை அதிகமான பெடலின் அடியில் இருந்த சிறு உலோகக் கட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "முதலாளி, இது நம்ம லோடு செல் தானுங்களே" என்றார்.

அதேதான். நம் ஒவ்வொருவர் கல்லாப் பக்கத்திலும் இருக்கிற எலக்ட்ரானிக் தராசின் தட்டுக்குக் கீழே ஒரு லோடு செல் இருக்கிறது. எடை வைத்ததும் அந்தக் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பிப் பட்டையின் மின்தடை அதனால் மாறுகிறது. அந்த மாற்றம் எண்ணாகி, கிலோ கணக்கில் தெரிகிறது. லோடு செல் பெடலும் இப்படியே கால் எத்தனை கிலோ அழுத்துகிறது என்று நிறுக்கிறது.

மலிவான பெடல் நிறுப்பதில்லை. பெடல் எவ்வளவு தூரம் கீழே போனது என்று மட்டும் பார்க்கிறது. அதற்குள் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், அதாவது பழைய ரேடியோவில் சத்தம் கூட்டுகிற திருகு. அந்தத் திருகில் தூசி சேர்ந்தால் கரகரவென்று வருமே, அதே வியாதி இதற்கும் வரும். காலை எடுத்த பிறகும் கார் தானாகப் பிரேக் பிடிக்கும்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். நிஜக் காரில் பிரேக் பேட் டிஸ்க்கைத் தொட்ட பிறகு பெடல் அதிகம் கீழே போகாது. அதற்குமேல் எவ்வளவு பலமாக மிதிக்கிறோமோ அவ்வளவு பிரேக். அதிலும் ஃபார்முலா வகைக் கார்களில் நம் வீட்டுக் காரில் இருப்பதுபோல் மிதியை இலேசாக்கும் பூஸ்டர் பொதுவாக இருக்காது. காலின் பலம்தான் பிரேக். பந்தயக்காரர் வளைவுக்கு முன் பலமாக ஒரு மிதி மிதித்து, திரும்பத் திரும்ப அந்த அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். சுற்றுக்கு அரை விநாடி மிச்சமாவதும் கார் சுழன்று மண்ணில் போய் நிற்பதும் அந்த விடுகிற விதத்தில் இருக்கிறது.

நம் உடம்பு தூரத்தைவிட அழுத்தத்தை நன்றாக ஞாபகம் வைக்கும். வருஷக்கணக்காகப் பருப்பு அள்ளுகிறவர் கை அரைக் கிலோவைத் தராசு இல்லாமலே சொல்லும். அதே கையை "பதினொரு சென்டிமீட்டர் நகர்த்து" என்றால் தடுமாறும். காலும் அப்படியே. தூரம் பார்க்கிற பெடலில் ஆயிரம் சுற்று ஓட்டிப் பழகிய கால், நிஜக் காரில் உட்கார்ந்ததும் பழக்கத்தை மறக்க வேண்டியிருக்கும். காசு கொடுத்துத் தப்பான பழக்கத்தை வாங்கியதாகிவிடும்.

பையன் அன்று இரண்டு பெடலிலும் பத்துப் பத்துச் சுற்று ஓட்டினான். சாதாரணப் பெடலில் அவனுடைய நல்ல சுற்றுக்கும் மோசமான சுற்றுக்கும் இரண்டரை விநாடி வித்தியாசம். லோடு செல் பெடலில் முதல் பத்துச் சுற்று இன்னும் மோசம், கால் வலிக்கிறது என்றான். மூன்றாம் நாள் அதே பெடலில் ஒரு விநாடிக்குள் வந்துவிட்டது. அதிவேகச் சுற்று பெரிதாக மாறவில்லை. ஆனால் பத்துச் சுற்றும் ஒரே மாதிரி வந்ததைப் பார்த்த தகப்பனார், "இப்பத்தானுங்க சரக்கு ஒரே தரமா வருது" என்றார்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பெட்டியில் 60 கிலோ, 90 கிலோ, 100 கிலோ என்று போட்டிருப்பார்கள். ஃபனாடெக் கிளப்ஸ்போர்ட் வி3 பெடலுக்கு 90 கிலோ, திரஸ்ட்மாஸ்டர் டி-எல்.சி.எம். பெடலுக்கு 100 கிலோ என்பது கம்பெனிக் கணக்கு. 30 கிலோ தராசு வைத்திருப்பவர் தினமும் 30 கிலோ நிறுப்பதில்லை. அதுபோல முழு பிரேக்குக்கு எத்தனை கிலோ என்பதை நாமே குறைத்து வைத்துக்கொள்ளலாம். முதலில் 30, 40 கிலோவில் ஆரம்பித்து, காலுக்குப் பலம் வந்தபின் ஏற்றினால் போதும்.

ஸ்டியரிங்: நியூட்டன் மீட்டரைக் கிலோவில் பாருங்கள்

ஸ்டியரிங் மோட்டாரின் பலத்தை நியூட்டன் மீட்டர் என்ற கணக்கில் விற்கிறார்கள். நமக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், 30 சென்டிமீட்டர் அகல ஸ்டியரிங்கின் விளிம்பில் 2 நியூட்டன் மீட்டர் சுமார் 1.4 கிலோ இழுப்பு. 5.5 என்றால் மூன்றே முக்கால் கிலோ. 8 என்றால் ஐந்தரைக் கிலோவை ஒட்டி. 12 என்றால் எட்டுக் கிலோவுக்குச் சற்று மேல்.

மூன்று ரகம் உண்டு. பல்சக்கரத்தில் ஓடுவது ஒன்று, 2015-ல் வந்த லாஜிடெக் ஜி29, பிறகு 2020-ல் வந்த ஜி923 இந்த ரகம். பலம் 2-ஐ ஒட்டியது, சத்தம் வரும், ஆனால் எளிதில் கெடாது, பழைய விலைக்கும் கிடைக்கும். பெல்ட்டில் ஓடுவது இரண்டாவது, திரஸ்ட்மாஸ்டர் டி300 போன்றவை. நம் கிரைண்டர் பெல்ட் போல மெத்தென்று இருக்கும், கொஞ்சம் விஷயத்தை விழுங்கியும் விடும். மூன்றாவது, மோட்டார் தண்டிலேயே நேராக ஸ்டியரிங்கை மாட்டுகிற டைரக்ட் டிரைவ். முன்பு இது பணக்காரர் சாமான். 2021-ல் ஃபனாடெக் சி.எஸ்.எல். டி.டி., அடுத்து மோசா ஆர்5 போன்றவை வந்தபின் நடுத்தர விலைக்கு இறங்கிவிட்டது. டயர் பிடி விடுகிற கணம் கைக்குத் தெரிகிறதா என்பதே பயிற்சிக்கு முக்கியம். அது இந்த ரகத்தில் தெளிவாகத் தெரியும்.

ஐந்து முதல் எட்டு வரை போதும் என்பது நம் அபிப்பிராயம். அதற்குமேல் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் பெருமைக்கு. பதினைந்து, இருபது பலமுள்ள மோட்டார் சுவரில் மோதிய கணத்தில் ஸ்டியரிங்கைச் சுழற்றிக் கட்டை விரலை முறுக்கிவிடும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அவசர நிறுத்த ஸ்விட்ச் இல்லாமல் அந்த ரகத்தை வைக்கவே கூடாது.

எதில் மாட்டுவது?

மேஜையில் கவ்வி மாட்டுவது லோடு செல் பெடலுக்கு ஆகாது. நாற்பது கிலோ மிதி மிதித்தால் சக்கர நாற்காலி பின்னால் ஓடும், பெடல் முன்னால் ஓடும். வியாபாரி நண்பர் ஒருவர் வீட்டில் இப்படி மிதித்ததில் மேஜையே சுவரில் இடித்து மானிட்டர் சாய்ந்தது.

கடைக்கு ரேக் அடிக்கிறவரிடம் ஸ்லாட்டட் ஆங்கிளில் செய்துகொள்ளலாமே என்று நமக்கும் தோன்றியது. செய்தும் பார்த்தோம். சுமை தாங்கும், ஆனால் மிதிக்கும்போது நெளியும். நெளிந்தால் லோடு செல் நிறுப்பது பொய்யாகிவிடும். ஆடுகிற பலகைமேல் தராசு வைத்தது போல. எம்.எஸ். சதுரக் குழாயை நன்றாக வெல்டிங் செய்தால் பரவாயில்லை. எல்லாவற்றிலும் நல்லது தொழிற்சாலை மெஷின்களுக்குப் போடுகிற அலுமினிய புரொஃபைல், 40-க்கு 80 அளவு. போல்ட்டைத் தளர்த்தி நகர்த்தலாம், பையன் வளர்ந்தால் பெடலைத் தள்ளி வைக்கலாம், வேண்டாம் என்றால் பிரித்து விற்கலாம். கோவையில் மெஷின் வேலை செய்யும் பட்டறைக்கா பஞ்சம்? அளவு கொடுத்து வெட்டி வாங்கிக்கொள்ளலாம். சீட்டுக்குப் பழைய கார் உதிரி பாகக் கடையில் சாயாத சீட் ஒன்று போதும். கொட்டேஷனில் இருந்த மடக்கும் சீட்டை அடித்துவிட்டோம். மடங்குகிற எதுவும் மிதிக்கும்போது மடங்கப் பார்க்கும்.

உட்காரும் விதத்தை எந்த வண்டிக்குத் தயாராகிறானோ அந்த வண்டியைப் பார்த்து அமைக்க வேண்டும். ஃபார்முலா காரில் கால் இடுப்பு உயரத்தை ஒட்டி நீட்டியிருக்கும். வீட்டு சோபாவில் உட்காருவது போல் உட்கார்ந்து பழகினால் அங்கே தொடை வேறு விதமாக வேலை செய்யும்.

மூன்று மானிட்டர் வேண்டுமா?

பார்ப்பவர்களுக்கு மூன்று மானிட்டர்தான் அழகு. பக்கத்தில் வருகிற கார் தெரியும் என்பதும் உண்மை. ஆனால் மூன்று திரைக்குப் படம் வரைய மூன்று பங்கு வேலை. கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டு விலை அதற்கேற்ப ஏறும். கொட்டேஷனில் கம்ப்யூட்டர் தொகை ஊதிப் போயிருந்ததன் ரகசியம் அதுதான்.

ஒரே ஒரு 27 அங்குல மானிட்டரைக் கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டரில் வைத்தால் 53 டிகிரி பார்வை கிடைக்கும். ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் 33 டிகிரிதான். ஆகவே திரையை மோட்டாருக்கு மேலேயே முகத்துக்கு நெருக்கமாக வைக்க வேண்டும். வைத்த தூரத்தை சாஃப்ட்வேரில் சரியாகக் கொடுக்கவும் வேண்டும். பலர் அகலமாகத் தெரியட்டும் என்று டிகிரியைக் கூட்டி வைத்துவிடுகிறார்கள். வளைவு தள்ளியிருப்பதாகவும் வேகம் அதிகமாகவும் தெரியும். பிரேக் போடும் இடத்தின் கணக்கே தப்பிவிடும். வரவேற்பறை டி.வி.யில் ஓட்டுவதானால் அதில் 'கேம் மோடு' போடாமல் ஓட்ட வேண்டாம், கை திருப்பி சற்றுக் கழித்துத்தான் படம் திரும்பும்.

சாஃப்ட்வேர்

இதில் அதிகம் சொல்ல இல்லை. ஐரேசிங் 2008-ல் வந்தது, கம்ப்யூட்டரில் மட்டும் ஓடும், சந்தா கட்ட வேண்டும், பல தடங்களையும் கார்களையும் தனியாக வாங்க வேண்டும். தடங்களை லேசர் கருவியால் அளந்து செய்திருப்பதால் மேடு பள்ளம்கூட அப்படியே இருக்கும். நமக்குப் பிடித்தது வேறொன்று. அங்கே சொந்தப் பெயரில்தான் ஓட்ட வேண்டும், மோதினால் பாதுகாப்பு மதிப்பெண் குறையும். மதிப்பெண் குறைந்தவன் மேல் வகுப்புப் பந்தயத்துக்குப் போக முடியாது. மார்க்கெட்டில் நாணயம் போனவனுக்குக் கடன் சரக்கு கிடைக்காதது போலத்தான். 2014-ல் வந்த அசெட்டோ கோர்சாவுக்குச் சந்தா இல்லை, ஆர்வலர்கள் செய்த தடங்களையும் சேர்க்கலாம். ஆனால் அவற்றின் அளவு எவ்வளவு சரி என்பது செய்தவர் கையில்.

வாங்கும் முன் எந்தக் கருவி எதில் ஓடும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மோசா ஆர்5 பிளேஸ்டேஷனில் ஓடாது. ஜி923-க்கே பிளேஸ்டேஷனுக்கு ஒன்று, எக்ஸ்பாக்ஸுக்கு ஒன்று என்று இரண்டு ரகம் இருக்கிறது. பெட்டியைப் பிரித்த பிறகு மாற்றித் தர மாட்டார்கள்.

பில், வாரண்டி, பழைய சாமான்

இவை பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. நேராக வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கஸ்டம்ஸ் டியூட்டி, ஜி.எஸ்.டி., கூரியர் எல்லாம் சேர்த்து அடக்க விலை என்ன என்று முதலில் எழுதிப் பாருங்கள். ரிப்பேர் வந்தால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பெரிய பெயர் என்பதே காப்பு ஆகாது. ஃபனாடெக் கம்பெனியின் தாய் நிறுவனமான ஜெர்மனியின் எண்டோர் 2024-ல் திவால் மனு கொடுத்தது, அதே வருஷம் அமெரிக்காவின் கோர்சேர் அதை வாங்கிக்கொண்டது. கைமாறிய பிறகும் பிராண்ட் தொடர்கிறது. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் வாரண்டி நம்பி இருந்தவர் மனநிலையை நாம் சொல்ல வேண்டியதில்லை, நமக்கும் சப்ளையர்கள் உண்டு.

பழைய சாமான் வாங்குவதில் தப்பே இல்லை. அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள், சூடான பிறகுதான் மோட்டாரின் குறை தெரியும். பெடலில் காலை எடுத்ததும் எண் பூஜ்யத்துக்கு வருகிறதா, நடுவில் குதிக்கிறதா என்று திரையில் பாருங்கள். அசல் பில் இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மாடியில் இரண்டு சிமுலேட்டர் போட்டு மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாமா என்று ஓர் உறுப்பினர் கேட்டிருக்கிறார். அது வேறு கணக்கு. பலர் மிதிக்கிற பெடலின் ஆயுள், வாடகை, லைசென்ஸ் எல்லாம் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

கொட்டேஷன் என்ன ஆனது?

கம்ப்யூட்டரைத் தனியே வைத்துவிட்டு, மற்றதற்கு நூறு ரூபாய் என்றால் இப்படிப் பிரிக்கச் சொன்னோம்: பெடலுக்கு 30, சட்டத்துக்கும் சீட்டுக்கும் 25, ஸ்டியரிங்குக்கு 30, திரைக்கு 15. இதுதான் வேதம் என்று சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிவதற்குக் கடைசியில் கொடுங்கள் என்பதே நாம் சொன்னது.

பையன் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவனுடைய நண்பர்கள் எல்லோரும் போட்டோ பிடித்துப் போடுவது மூன்று மானிட்டரைத்தான். ஆனால் தகப்பனார் கணக்கை அவனிடமே கொடுத்து, மிச்சமாகிற தொகையில் கரி தடத்தில் எத்தனை நாள் பயிற்சி ஓட்டலாம் என்று அவனையே எழுதச் சொன்னார். எழுதிப் பார்த்ததும் அவனே இரண்டு மானிட்டரை அடித்தான். லோடு செல் பெடல் புதிது. டைரக்ட் டிரைவ் ஸ்டியரிங் பழையது, பில்லோடு. சட்டம் பட்டறையில் வெட்டியது. கம்ப்யூட்டர் சிறியது. எல்லாம் சேர்த்துப் பழைய கொட்டேஷனில் பாதியைச் சற்றுத் தாண்டியது.

இப்போது பையனிடம் ஒரு சிட்டை நோட்டு இருக்கிறது. கடையில் வரவு செலவு எழுதுகிற அதே நீள நோட்டு. ஐரேசிங்கில் லைம் ராக் பார்க் என்ற அமெரிக்கத் தடத்தில் ஓட்டுகிறான், சுமார் இரண்டரை கி.மீ. நீளம், நம் கரி தடத்தைப் போலவே சின்னது. ராத்திரி கடை சாத்தியபின் இருபது சுற்று, அதற்கு மேல் தகப்பனார் விடுவதில்லை. இடது பக்கத்தில் அன்றைய நல்ல சுற்றுக்கும் மோசமான சுற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுகிறான். எழுபது வரிக்கு மேல் ஆகிவிட்டது. வலது பக்கம் செட்டிபாளையத்தில் ஓட்டும் நாளுக்கென்று காலியாக விட்டிருக்கிறான். இரண்டு தடத்தின் நேரத்தை ஒப்பிட முடியாது, ஆனால் வித்தியாசத்தை வித்தியாசத்தோடு ஒப்பிடலாம்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தடத்தில் நேரம் எடுத்திருக்கிறார்கள். அன்று மதியம் கடையை யார் பார்ப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை. சிமுலேட்டரை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்ய விரும்பும் உறுப்பினர்கள் சங்க அலுவலகத்தில் சொன்னால் அவர் வீட்டுக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்கிறோம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறார்.